மணப்பாடு போக வேண்டிய வண்டி

சாவியைத் திருப்பியதும் வண்டி ங்ங், ங்ங், ங்ங் என்று மூன்று தடவை முனகியது, நான்காவது முனகலை முடிக்காமலே நின்றுவிட்டது. மணி ஆறு இருபது. கண்ணாடி முழுக்கப் பனி ஈரம். மணப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம், எங்கேயாவது நின்றாலும் இரண்டு மணி நேரம், எட்டரைக்குள் மாமி முன்னால் போய் நின்றுவிடலாம் என்று நேற்றிரவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நின்று என்ன சொல்வது என்று மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. மாமி, உங்க மகன் போன கப்பலிலிருந்து ஆறு நாளாகத் தகவல் இல்லை. இல்லை, இப்படி எடுத்த எடுப்பில் சொல்லக்கூடாது. மாமி, கடலில் பெரிய காற்றாம். அதுவும் வேண்டாம், காற்று என்றாலே அவருக்குப் பாதி தெரிந்துவிடும். நேற்றுச் சாயங்காலம் மும்பையில் கம்பெனி ஆபீசிலிருந்து பேசிய பெண் நல்ல பிள்ளையாகத்தான் பேசினாள். கப்பலோடு தொடர்பு கிடைக்கவில்லை, அவ்வளவுதான், வேறு எதுவும் எங்களுக்கும் தெரியாது மேடம், ஆனால் நாளைக்குப் பத்து மணிக்குப் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும், அதற்கு முன்னால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். தொடர்பு கிடைக்கவில்லை. காணவில்லை என்று அவள் சொல்லவில்லை. நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் தொடர்பு கிடைக்கவில்லை என்றுதான் சொன்னாள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று விடிய விடிய எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபடியும் சாவியைத் திருப்பினேன். ங்ங். ங்ங். இந்தத் தடவை இரண்டுதான்.

வண்டி கிளம்பவில்லை என்றதும் எனக்குள் ஏதோ ஒன்று லேசாகிப்போனது, அதை நான் மறைக்கப் போவதில்லை. கிளம்பாவிட்டால் போக வேண்டாம். போகாவிட்டால் சொல்ல வேண்டாம். சொல்லாத வரைக்கும் மணப்பாட்டில் அந்த வீட்டைப் பொறுத்தவரை என் வீட்டுக்காரர் செலஸ்டின் பத்திரமாகத்தான் இருப்பார், மாமி வழக்கம்போல வாசல் தெளித்து, பூசைக்குப் போய்விட்டு வந்து, சர்க்கரை போடாத காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பார். கை ஸ்டியரிங்கில் அப்படியே கிடந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு வெட்கமாக இருந்தது. எழுபத்தி நாலு வயசுப் பொம்பளை அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்க்கட்டும் என்றா உட்கார்ந்திருக்கிறாய் ஜெசிந்தா என்று கேட்டுக்கொண்டேன். பஸ் இருக்கிறது. திருச்செந்தூர் வரைக்கும் ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது உட்கார்வார்கள், எங்கம்மா போறீங்க என்பார்கள், என் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. பேனட்டைத் திறக்கிற பிடியை இழுத்தேன். மெதுவாகச் சுற்றினால் உடனே ஸ்டார்ட்டர் போச்சு, பேட்டரி போச்சு என்று முடிவு பண்ணாதே, முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை சாவியைத் திருப்பு, லைட் மங்குதா பார், மங்கினால் பேட்டரியில் சத்து இல்லை, மங்கவில்லை என்றால் சத்து இருக்கிறது, போய்ச் சேரவில்லை. செலஸ்டின் குரல். போன நவம்பரில் கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இதே இடத்தில் நின்று சொன்னார். எனக்கு எதுக்கு இதெல்லாம், ஊர்ல மெக்கானிக்கா இல்ல என்று நான் கேட்டேன். கப்பல்ல மெக்கானிக்கைக் கூப்பிட முடியாதுல்ல என்றார். இது கப்பல் இல்லையே என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போது எதற்கு வருகிறது.

ஹெட்லைட்டைப் போட்டேன். எதிரே காம்பவுண்டுச் சுவரில் இரண்டு மஞ்சள் வட்டம் விழுந்தது. சாவியைத் திருப்பினேன். ங்ங், ங்ங். வட்டம் அசையவே இல்லை, கொஞ்சம்கூட மங்கவில்லை. ஆக பேட்டரி இல்லை. எட்டு மாதம் முன்னால்தான் புதிதாக வாங்கியது. இருந்தாலும் அதன் தலையைப் பார்க்கச் சொல்வார் என்று இறங்கிப் போய்ப் பார்த்தேன். பிளஸ் பக்கம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. எங்கள் ஊரில் எல்லாம் இப்படித்தான் பூக்கும், ஜன்னல் கம்பி பூக்கும், சைக்கிள் செயின் பூக்கும், மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாய் பூக்கும். நான் வேலை பார்ப்பதே உப்புக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில், பதினேழு வருஷமாக ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, இதில் உப்பு எத்தனை சதவீதம், ஈரம் எத்தனை சதவீதம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே போய்த் தண்ணீரைச் சுட வைத்தேன். சமையலறையில் நிற்கும்போது, கொதிக்கப்போகிற தண்ணீர் எழுப்புகிற அந்தச் சின்ன இரைச்சலில், எனக்கு எஞ்சின் அறை ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கப்பல் இங்கே துறைமுகத்துக்கு வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இரும்பு ஏணியில் இறங்கி இறங்கி, இன்னும் கீழே இன்னும் கீழே என்று, காது அடைக்கிற சத்தத்துக்குள் போய் நின்றோம். இப்ப நாம கடல் மட்டத்துக்கு எவ்வளவு கீழ நிக்கோம் தெரியுமா என்று என் காதுக்குள் கத்தினார். பெருமையாகத்தான் கத்தினார். அவர் இரண்டாம் எஞ்சினியர், காற்று அடிக்கும்போது மேலே இருக்கிறவர்கள் மேலேயே இருப்பார்கள், இவர் அங்கேதான் இருந்தாக வேண்டும். அந்த ஏணியில் எத்தனை படி என்று நான் அன்றைக்கு எண்ணவில்லை. இந்த ஆறு நாளில் எண்ணிக்கொண்டே இருக்கிறேன், எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் கூடுகிறது. தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது.

சுடுதண்ணீரில் சமையல் சோடா மாவைக் கலந்து, முதலில் மைனஸ் ஒயரைக் கழற்று, மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டு, இந்த வரிசையை மாற்றாதே என்று அவர் சொன்னபடியே கழற்றி, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, பொங்கின நுரையெல்லாம் வடிய ஊற்றித் துடைத்து மாட்டினேன். பளபளவென்று ஆகிவிட்டது. அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு, வண்டி மட்டும் இல்லை, எல்லாமே. உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ங்ங். ங்ங். ங்ங். முன்னைவிட ஒரு சுற்றுகூட அதிகமில்லை. தலையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டேன். ஜன்னலில் யாரோ தட்டினார்கள். அடுத்த வீட்டுச் சுப்புக்குட்டி அண்ணன். மில்லுக்கு ஆள் ஏற்றுகிற பஸ் ஓட்டுகிறவர், எட்டு மணி ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரம், காக்கிச் சட்டையில் பட்டன் போட்டுக்கொண்டே வந்திருந்தார். "என்னம்மா, ரொம்ப நேரமா முனங்குது? சத்தத்தைப் பாத்தா ஸ்டார்ட்டர் மோட்டார் போயிருக்கும். இறங்கித் தள்ளி விட்டுருவோமா? ரெண்டாவது கியர்ல போட்டு விட்டா பிடிச்சிக்கிடும்."

தள்ளலாம். தள்ளினால் பிடித்துக்கொள்ளும்தான். ஆனால் நடுவழியில் ஒரு ரயில்வே கேட்டில் நின்றுபோனால் யார் தள்ளுவது. அதோடு, தள்ளுவதற்கு முன்னால் அவர் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். "தூரமாவா போறிய?" என்று கேட்டேவிட்டார். "மணப்பாட்டுக்குண்ணே. மாமியைப் பாக்க." "நல்லது. சார் எப்ப வாராரு? இந்தத் தடவ ஈஸ்டருக்கு இங்க இருப்பேன்னு சொன்னாரே." நான் பேனட்டைப் பார்த்துக்கொண்டே, "வருவாங்கண்ணே" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவர் பட்டனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "தள்ள வேண்டாம்னா விட்ருங்க. ரொம்பவும் சாவியைத் திருப்பாதிய, மோட்டார் சூடாயிரும். ஒண்ணும் நடக்கலைன்னா எனக்குப் போன் போடுங்க, ஆள இறக்கிவிட்டுட்டு ஒன்பது மணிக்கு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். இந்த ஆறு நாளில் யாரைப் பார்த்தாலும் நல்ல மனுஷர்களாகத்தான் தெரிகிறார்கள், அதுவே பயமாக இருக்கிறது. ஒன்பது மணி. ஒன்பதுக்கு மேல் கிளம்பினால் ஆறுமுகநேரியைத் தாண்டும்போதே பத்து ஆகிவிடும்.

மாமியிடம் நேற்று ஏழு மணிக்குக்கூடப் பேசினேன். தினமும் ஏழு மணிக்கு அவரே கூப்பிடுவார், வழக்கமாக இரண்டு நிமிஷம்தான், சாப்பிட்டியா, கதவைப் பூட்டிட்டியா. இந்த வாரம் என்னவோ நிறையப் பேசினார். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தை மாற்றிவிட்டார்கள், பக்கத்து வீட்டில் சுவரை ஓரடி தள்ளிக் கட்டுகிறார்கள், கோயிலில் புதுசாக ஒலிபெருக்கி வாங்கியிருக்கிறார்கள், சாமியார் பேசுவது இப்போது படுக்கை வரைக்கும் கேட்கிறது. நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டே, இந்தப் பொம்பளைக்கு எவ்வளவு நிம்மதி, இந்த நிம்மதியில் நான் போய்க் கல்லைப் போடப் போகிறேனே என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் ஏன் பிள்ளை இல்லை என்று ஒரு ஞானஸ்நான வீட்டில் சொந்தக்காரி ஒருத்தி எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டபோது, பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த மாமி வாளியைக் கீழே வைத்தார். அவகிட்ட என்ன கேக்கணும்னாலும் இனிமே என்கிட்ட கேளு, அவ என் வீட்டு மனுஷி என்றார். சத்தம் போடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், அவரும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. அப்படிப்பட்டவரிடம் நான் என்ன வார்த்தை சொல்லப் போகிறேன். தொடர்பு கிடைக்கவில்லை மாமி. அவருக்கு அந்த வார்த்தையெல்லாம் ஏறாது. இருக்கானா இல்லையா என்று கேட்பார்.

சத்து இருக்கிறது, போய்ச் சேரவில்லை. போய்ச் சேராத இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவரிடம் நான் கேட்டிருந்தேனா, இல்லை அவராகச் சொன்னாரா, ஞாபகமில்லை. தொட்டுப் பார் என்றார். அது ஞாபகம் இருக்கிறது. எங்க கரண்ட் போக முடியாம முட்டிக்கிட்டு நிக்குதோ அங்க சுடும், நாலஞ்சு தடவ சாவியத் திருப்பிட்டு ஒவ்வொரு முனையா தொட்டுப் பாரு. நான் அன்றைக்குச் சரியாகக் கவனிக்கவில்லை, மனசு வேறு எங்கேயோ இருந்தது, அவர் போகப் போகிறார் என்கிற கோபத்தில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கிளம்புகிற வாரம் நான் இப்படித்தான் ஆகிவிடுவேன். ஸ்டேஷனில் ரயில் நகரும்போதுகூட, போறவங்க போங்க, நான் ஒண்ணும் வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கப் போறதில்ல என்றுதான் சொன்னேன். கடைசியாக நேரில் சொன்ன வார்த்தை அது. கடைசியாக என்று எதற்குச் சொல்கிறேன். அந்தச் சொல்லை எடுத்து விழுங்கிவிட்டு, நாலு தடவை சாவியைத் திருப்பினேன், இறங்கிப் போய் பேட்டரி முனையைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. மைனஸ் ஒயர் போய் வண்டி உடம்பில் சேருகிற இடம், அதுவும் குளிர்ச்சி. ஸ்டார்ட்டருக்குப் போகிற தடித்த ஒயர் கைக்கு எட்டின வரை லேசான சூடு, அவ்வளவுதான். எஞ்சினுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே பட்டையாகப் பின்னின செம்புக் கயிறு மாதிரி ஒன்று தொங்கியது, எர்த் வயர் என்பார். அதன் நட்டில் விரல் பட்டதும் கையை உதறிக்கொண்டேன். சுட்டுவிட்டது. விரல் நுனியை வாயில் வைத்துக்கொண்டேன், உப்புக் கரித்தது, எனக்குச் சிரிப்பு வந்தது, ஆறு நாளில் முதல் தடவை, யாரும் பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்த்தேன்.

உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது, அது என் ஆய்வுக்கூடத்துப் புத்தி. டிக்கியில், இன்னொரு வண்டி பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கிற ஜம்பர் கேபிள் கிடந்தது. கறுப்பு ஒயரின் ஒரு கவ்வியை பேட்டரி மைனஸில் மாட்டி, இன்னொரு கவ்வியை எஞ்சினைத் தூக்குகிற இரும்புக் கொக்கியில் மாட்டினேன். எர்த் வயர் செய்ய வேண்டிய வேலையை இது செய்யும். அது செய்தால் குற்றவாளி அதுதான். உட்கார்ந்தேன். உடனே திருப்பவில்லை. இதுவும் முனகினால் நான் என்ன ஆவேன் என்று தெரியவில்லை, அதனால் அருள் நிறைந்த மரியே ஜெபத்தில் பாதி சொன்னேன், பாதியில் என்ன வரி என்று மறந்துவிட்டது, மறந்த இடத்திலேயே சாவியைத் திருப்பினேன். டர்ர்ரென்று ஒரே மூச்சில் சுற்றிப் பிடித்துக்கொண்டது. வண்டி முழுக்க நடுங்கியது. அணைத்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று, அந்த நட்டைக் கழற்றுவதற்கு. பன்னிரண்டு ஸ்பேனர் சேரவில்லை, பதின்மூன்று சேர்ந்தது. பட்டையின் முனை, அது உட்காருகிற இடம் எல்லாம் பச்சைத் துரு. உப்புத்தாளை மடித்துத் தேய்த்தேன், செம்பு புதுப் பாத்திரம் மாதிரி வெளியே வருகிற வரை தேய்த்தேன், தேய்க்கத் தேய்க்க என் மனசில் ஒன்றுமே இல்லை, கப்பல் இல்லை, ஏணி இல்லை, மும்பைப் பெண் இல்லை. இறுக்கி முடுக்கினேன். கேபிளைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. மணி ஏழு நாற்பது. கைகழுவக்கூட உள்ளே போகவில்லை, வீட்டைப் பூட்டினேனா என்று ஒரு தடவை மட்டும் இறங்கிப் பார்த்தேன், பூட்டியிருந்தேன்.

முள்ளக்காடு தாண்டும்போது இரண்டு பக்கமும் உப்பளம், பாத்திகளில் வெயில் அடித்துக் கண் கூசியது. தண்ணீரைப் பார்க்கக்கூடாது என்று ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். ஒன்பதே காலுக்குப் போனால் போதும், ஒன்பதரை என்றாலும் சரி. வண்டி ஓடுகிறது, ஆனால் ஓடுகிறது என்பதே இப்போது வேறுவிதமாக அழுத்தியது, ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லும் நான் சொல்லப் போகிற வார்த்தைக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் விடுகிறது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன், ஏதாவது தட்டுகிறதா, இழுக்கிறதா. ஒன்றும் இல்லை. பழையகாயலில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. நின்றேன். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் திரும்ப வருமோ வராதோ. மந்தைக்காரர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் ஐயா. முக்காணியைத் தாண்டி, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால், போன் அடித்தது. பக்கத்து சீட்டில் கிடந்த போனை எட்டிப் பார்த்தேன். பெயர் இல்லை. எங்கள் ஊர் எண்ணும் இல்லை, எட்டு ஏழு பூஜ்யம் என்று ஆரம்பிக்கிற நீளமான எண். மும்பை ஆபீஸ்தான் வேறு ஏதோ லைனில் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். பத்து மணிக்குத்தானே என்றீர்கள், இன்னும் எட்டரைகூட ஆகவில்லையே என்று வாய்விட்டே சொன்னேன். ஒதுக்கி நிறுத்தினேன். எடுக்காமல் விட்டுவிடலாமா என்று இருந்தது. எடுத்தேன்.

முதலில் இரைச்சல். பிறகு, "ஜெசி." போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "ஜெசி, கேக்குதா? நான்தான். ஹலோ. ஜெசி." கேட்கிறது என்று சொன்னேன், நான் சொன்னது அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் மறுபடி ஹலோ என்றார், இரண்டு குரலும் நடுவில் மோதிக்கொண்டன. "எல்லாரும் நல்லா இருக்கோம். இருபத்திரண்டு பேரும். ஜெனரேட்டர் பேனல் எரிஞ்சு கரண்டு மொத்தமா போயிருச்சு, மேல இருந்த ஆன்டெனாவைக் காத்து பிச்சிக்கிட்டுப் போயிருச்சு. அஞ்சு நாள் சும்மா மிதந்தோம். நேத்துதான் ஒரு ஜெனரேட்டரை எழுப்பினோம். இப்ப இழுவைக் கப்பல் வந்துருச்சு, அவங்க குடுத்த போன் இது. ஆளுக்கு ரெண்டு நிமிஷம், பின்னால வரிசையில நிக்காங்க." "அடி ஏதும்?" "கையில கொஞ்சம் சூடு பட்டுச்சு. ஒண்ணும் இல்ல. ஜெசி, அது என்ன சத்தம், நம்ம வண்டியா?" "ஆமா." "எங்க போற காலையிலேயே?" "மணப்பாட்டுக்கு." அங்கே அமைதி. அது சேட்டிலைட்டின் தாமதமா, அவருடைய அமைதியா என்று தெரியவில்லை. பிறகு, "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றார். "இல்ல. சொல்லத்தான் போய்க்கிட்டு இருக்கேன்." "சரி. இனி வேற மாதிரி சொல்லு." அவர் குரல் அந்த இடத்தில் உடைந்தது, அதைக் கேட்க முடியாமல் நான் என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமலே, "வண்டி காலையில மெதுவாச் சுத்துச்சுங்க. எர்த் வயர். நானே பாத்துட்டேன்" என்றேன். மறுபடி அந்தத் தாமதம். "லைட்டு மங்குச்சா?" "மங்கல." "அப்ப சரியாத்தான் பாத்திருக்க. நட்டு நல்லா முடுக்கினியா?" "முடுக்கினேன்." "நல்லது ஜெசி. நல்லது. வைக்கேன், பின்னால ஆள் நிக்கான்." ஆறு நாளைக்குப் பிறகு கிடைத்த இரண்டு நிமிஷத்தில் நாங்கள் இதைத்தான் பேசினோம். ஸ்டேஷனில் சொன்னதற்கு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அவர் அதை நினைத்துக்கொண்டிருந்த மாதிரியே தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் தெரியாது. அழுதேன், பிறகு நிறுத்தினேன், பிறகு கண்ணாடியில் முகத்தைப் பார்த்தால் கன்னத்தில் கிரீஸ், அதைப் பார்த்து மறுபடி அழுதேன். மும்பையிலிருந்து செய்தி வந்தது, எல்லோரும் நலம், பத்து மணி அறிவிப்பு இனி அதுதான் என்று. மாமிக்குப் போன் பண்ணலாமா என்று கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே, தெரியாதவரிடம் போனில் இதை எங்கே ஆரம்பிப்பது. நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், இல்லை, சொல்லவே வேண்டாம், சும்மா பார்க்க வந்தேன் மாமி என்று சொல்லி மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். பாலத்தில் ஏறும்போது கண்ணாடியை இறக்கினேன், ஆற்றுக் காற்று வந்தது, இந்தத் தடவை தண்ணீரைப் பார்த்தேன். ஆத்தூர் தாண்டி வெற்றிலைக் கொடிக்கால் வாசனை. பசித்தது. நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திருச்செந்தூரில் டீ குடிக்க நிறுத்தலாம் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. குலசேகரன்பட்டினம் தாண்டும்போது நான் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தேன், அது என்ன பாட்டு என்று எனக்கே தெரியவில்லை.

மாமி வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தியபோது மணி பத்தாகப் பத்து நிமிஷம். கதவு வெளியே பூட்டியிருந்தது. மாமி பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். வெளியூர் போகும்போது கட்டுகிற சாம்பல் நிறப் புடவை, காலுக்குப் பக்கத்தில் துணிப்பை, கையில் தண்ணீர்ப் புட்டி. சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார், அவர் முகம் வெளிறிப்போவதை நான் கண்ணால் பார்த்தேன். அவருக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓடி இறங்கினேன். "மாமி, பேசினாங்க. இப்பதான் பேசினாங்க. நல்லா இருக்காங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க." மாமி பூட்டைப் பிடித்துக்கொண்டே மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தார். "அவனேவா பேசினான்?" "அவங்களேதான்." "குரல் நல்லா இருந்துச்சா?" "இருந்துச்சு மாமி." நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு சொன்னார். "அந்தக் கப்பல்ல சமையக்காரன் இங்க பக்கத்துல அலந்தலைக்காரன்லா. அவன் பொண்டாட்டி ஞாயித்துக்கெழமை கோயில்ல வச்சு, கப்பல்லருந்து சேதியே இல்லன்னு என் கையைப் பிடிச்சு அழுதா. அப்பவே தெரியும். உனக்குத் தெரிஞ்சிருக்குமோ தெரியாதோன்னு ஒண்ணும் பிடிபடல. தெரியலைன்னா நாமளே சொல்லி உன் நிம்மதியைக் கெடுக்கக்கூடாதுன்னு தெனமும் போன்ல எதையாவது பேசிட்டு வச்சேன். நீ அங்க தனியாக் கெடக்க. நேத்து ராத்திரி பூரா தூக்கம் இல்ல. இனிமே மறைக்கக்கூடாது, பக்கத்துல இருந்து சொல்லணும்னு பஸ்ஸுக்குக் கெளம்பிட்டேன்." குழாய்த் தண்ணீரும், பக்கத்து வீட்டுச் சுவரும். அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். என் கையிலிருந்த கிரீஸ் அவர் புடவையில் பட்டது, இரண்டு பேருமே அதைப் பார்த்தோம், இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து பூட்டைத் திறந்தார், ஒரு கால் உள்ளே வைத்துவிட்டு நின்று திரும்பினார். "வண்டி ஏன் ஓடிக்கிட்டே கெடக்கு? அணைச்சிட்டு வா." "மாமி, அது காலையில கெளம்பவே மாட்டேன்னுருச்சு. அணைச்சா திரும்ப வருமான்னு தெரியல." "வரலைன்னா என்ன," என்றார் மாமி, "ரெண்டு நாள் இங்க இரு." துணிப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. நான் போய் வண்டிக்குள் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது. தெருமுனைக்கு அந்தப் பக்கம் கடல் சத்தம் கேட்டது, காலையிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.